கையுறை இல்லாத படம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஆறேகால் மணி. பெனால்டி பாக்ஸுக்குக் கோடு போடச் சுண்ணாம்பு வாளியோடு குனிந்திருந்தேன். அவன் வண்டியை வேலி ஓரமாக நிறுத்திவிட்டு வந்து, வழக்கம்போல ஒன்றும் பேசாமல் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். பதினெட்டு கஜம் இழுத்துப் பிடித்து, இரண்டு பேருமாகக் கோடு போட்டு முடித்த பிறகுதான் கைப்பேசியை எடுத்து நீட்டினான். அதில் இரண்டு படங்கள். ஒன்று பழையது. பச்சை ஜெர்சி, கையுறை, உடம்பு முழுவதும் தரையிலிருந்து எழும்பி இடது பக்கம் பாய்ந்து பந்தைத் தட்டுகிறான். இன்னொன்று சமீபத்தில் எடுத்தது. வெள்ளைச் சட்டை, வெறும் கைகள், தெருக்குழாய்க்குப் பக்கத்தில் நான்கைந்து பெண்களுக்கு நடுவே நின்று அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

"நோட்டீசுக்கு எதைப் போடலாம், அண்ணா?" என்றான்.

எனக்கு உடனே வாய் வரவில்லை. பத்து வருடத்துக்கு முன்னால் இதே மைதானத்துக்கு இதே போல ஒரு கேள்வியோடு வந்தான். அன்று நான் சொன்ன பதில் இத்தனை வருடமாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. அதை எழுதிவிட வேண்டும் என்றுதான் இன்று உட்கார்ந்தேன்.

நான் அல்சூர்க்காரன். தாத்தா வட ஆற்காட்டிலிருந்து பெங்களூர் கண்டோன்மெண்டுக்கு வேலை தேடி வந்தவர். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பூட்ஸ் போட்டு ஆடியதை வேலிக்கு வெளியே நின்று பார்த்து, வெறுங்காலோடு கற்றுக்கொண்ட ஆட்டம் எங்கள் தெருக்களுடையது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியா அடித்த ஒரே கோல் சாரங்கபாணி ராமனுடையது. அவர் இந்த ஊர்க்காரர். அதே அணியில் வெறுங்காலோடு ஆடி ஐரோப்பியர்களை வாய்பிளக்க வைத்த அகமது கானும் இந்த ஊர்தான். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய அணியில் எங்கள் அருமைநாயகம் இருந்தார். உலகநாதன் இங்கிருந்து போய் கொல்கத்தாவின் மோகன் பகான் கிளப்புக்கு ஆடியதை எங்கள் அப்பா தலைமுறை இன்றும் நேரில் பார்த்ததுபோலச் சொல்லும். பக்கத்தில் கௌதமபுராவில் அம்பேத்கர், புத்தர், அன்னை தெரசா சிலைகளோடு பெலேவுக்கும் சிலை வைத்திருக்கிறார்கள். அந்தப் பகுதியைக் குட்டி பிரேசில் என்று சொல்வது சும்மா இல்லை.

நான் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலை அணியில் லெஃப்ட் பேக். ஓய்வுபெற்றுவிட்டேன். இப்போது காலை நேரத்தில் பையன்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் பந்து சொல்லிக்கொடுக்கிறேன்.

அவன் என்னிடம் வந்தபோது ஒன்பது வயது. அவன் அம்மா கார்மெண்ட்ஸ் கம்பெனியில் காலர் தைக்கிற வேலை. பையன் வயதுக்கு மீறிய உயரம், அதைவிடப் பெரிய கைகள். கோலில் நிறுத்தினேன். பதினேழு வயதில் ஒரு கால்இறுதி ஆட்டத்தில் எதிராளியின் பூட்ஸ் மிதித்து வலது கைச் சுண்டுவிரல் முறிந்தது. புத்தூர்க் கட்டுப் போட்டு மூன்று வாரம் அசைக்கக்கூடாது என்றார்கள். நான்காம் நாள் அரையிறுதி. கட்டை அவனே பிரித்துவிட்டு வந்து, இரண்டு விரலையும் சேர்த்துப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு கோலில் நின்றான். ஒரு பெனால்டியைத் தடுத்தான். விரல் அப்படியே வெளிப்பக்கமாக வளைந்து நின்றுவிட்டது. அவன் கை கூப்பினால் ஒன்பது விரல் சேரும், சுண்டுவிரல் மட்டும் தனியாக விலகி நிற்கும்.

பிறகு கோவா, கொல்கத்தா என்று பதினோரு வருடம் பணம் வாங்கி ஆடினான். அவன் வாங்கிய முதல் முன்பணத்தில் அம்மாவுக்குத் தையல் மிஷின் வரவில்லை, வீட்டுக்கு வாஷிங் மிஷின் வந்தது. "இனிமேல் என் அம்மா துணியைத் தொட வேண்டாம்" என்றான். முழங்கால் தசைநார் இரண்டாவது முறை அறுந்த பிறகு, 2014இல் ஊர் திரும்பினான். முப்பத்திரண்டு வயது. கோல்கீப்பருக்கு அது சாகிற வயதே இல்லை. இன்னும் ஐந்து வருடம் ஆடியிருக்க வேண்டியவன்.

அடுத்த வருடம் ஆகஸ்டில் மாநகராட்சித் தேர்தல். அப்போது நகரம் 198 வார்டு. ஒரு கட்சிக்காரர்கள் அவனைத் தேடி வந்து மேடையில் ஏற்றி, மைசூர் பேட்டாத் தலைப்பாகை வைத்து, சந்தன மாலை போட்டு, "நம் வார்டின் பெருமை" என்று மூன்று மொழியில் பேசினார்கள். டிக்கெட் உனக்குத்தான் என்றார்கள். வேட்புமனு முடிய இரண்டு நாள் இருக்கும்போது டிக்கெட் வேறொருவருக்குப் போய்விட்டது. அவர் ரோடு காண்டிராக்ட் எடுப்பவருக்கு மைத்துனர். அவன் சுயேச்சையாக நிற்பதென்று முடிவு செய்துவிட்டு அன்று சாயங்காலம் என்னைப் பார்க்க வந்தான்.

"நீங்கள் என்னோடு நாலு தெரு வந்தால் போதும், அண்ணா. பேச வேண்டாம். பக்கத்தில் நின்றால் போதும்."

நான் சொன்னது இது: "பந்து பிடிக்கிற கையடா இது. அந்தச் சாக்கடையில் எதற்கு விடுகிறாய்? நமக்கு ஆட்டம் மட்டும் போதும்."

அவன் தலையாட்டினான். மேற்கொண்டு கேட்கவில்லை. அந்த இரண்டு வாரமும் அவனும், அவன் அம்மாவும், அவனோடு ஆடிய ஆறு பேரும் தெருத்தெருவாகப் போனார்கள். கையுறை போட்டுப் பாய்கிற அந்தப் பச்சை ஜெர்சிப் படம்தான் நோட்டீசில். ஆட்டோவில் மைக் கட்டி எங்கள் தெருவுக்கும் வந்தார்கள். நான் மாடியில் நின்று பார்த்தேன். கீழே இருந்து அவன் கை கூப்பினான். விலகி நின்ற சுண்டுவிரல் எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. நான் கீழே இறங்கவில்லை.

ஆகஸ்ட் 25 அன்று எண்ணினார்கள். டெபாசிட் போய்விட்டது. மறுநாள் காலை ஆறு மணிக்கு மைதானத்தில் எனக்கு முன்னால் வந்து நின்றான். மிஞ்சிப்போன நோட்டீஸ் கட்டு ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். "பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறது, அண்ணா. பையன்கள் வருகைப் பட்டியலுக்கு ஆகும்" என்றான். இரண்டு வருடம் அந்தத் தாளில்தான் வருகை எழுதினேன். ஒவ்வொரு நாளும் பெயர்களை எழுதி முடித்துத் தாளைத் திருப்பினால் அவன் பாய்ந்துகொண்டிருப்பான்.

அப்போது என் மனதில் இருந்தது கோழைத்தனம் என்று இப்போது தெரிகிறது. அன்று அதற்கு நான் வைத்த பெயர் நல்லெண்ணம். பெயர்பெற்ற ஆட்டக்காரனை மேடைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பெயரை மட்டும் உறிஞ்சிக்கொண்டு விட்டுவிடுவார்கள் என்று பயந்தேன். அந்தப் பயத்துக்கு அத்தாட்சியாக எனக்கு பைச்சுங் பூட்டியா இருந்தார். 1997 ஜூலையில் கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி. ஒரு லட்சத்து முப்பத்தோராயிரம் பேர் பார்த்தார்கள். மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்கால் 4-1. அதில் மூன்று கோல் பூட்டியாவுடையது. இந்தியாவில் பந்தாட்டத்துக்கு அத்தனை பேர் கூடியதை நான் கேள்விப்பட்டதே இல்லை. அப்படிப்பட்டவர் 2014இல் டார்ஜிலிங்கில் மக்களவைக்கு நின்று ஏறக்குறைய இரண்டு லட்சம் வாக்கில் தோற்றார். 2016இல் சிலிகுரி சட்டமன்றம், அதுவும் தோல்வி. சொந்த மாநிலத்துக்குப் போய் 2018இல் ஹம்ரோ சிக்கிம் என்று தனிக்கட்சி தொடங்கினார். 2019இல் இரண்டு தொகுதியில் நின்று இரண்டிலும் தோற்றார், அந்த ஆண்டே இடைத்தேர்தலிலும் தோற்றார். 2022இல் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத் தலைவர் தேர்தல். அங்கேயாவது ஆட்டக்காரனுக்கு மதிப்பு இருக்கும் என்று நம்பி நானே விடிய விடியச் செய்திக்காகக் காத்திருந்தேன். 33-1 என்ற வாக்குக் கணக்கில் தோற்றார். ஜெயித்த கல்யாண் சௌபேயும் ஒரு காலத்துக் கோல்கீப்பர்தான், ஆனால் மாநிலச் சங்கங்களின் வாக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது முன்கூட்டியே முடிவாகிவிட்டிருந்தது என்பது என் எண்ணம். 2024இல் சிக்கிம் பார்புங் தொகுதியில் கடைசியாக நின்றார். கிடைத்தது 4,012 வாக்கு. 4,346 வாக்கு வித்தியாசத்தில் தோற்று, அந்த மாதமே தேர்தல் அரசியலை விட்டு விலகுவதாக அறிவித்தார்.

அந்தச் செய்தி வந்த அன்று நான் அவனிடம், "பார்த்தாயா, நான் அன்றே சொன்னேன்" என்றேன். அவன் பையன்களின் பூட்ஸுகளைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"அண்ணா, கொல்கத்தாவில் கத்தியவர்களுக்கு பார்புங்கில் வாக்கு கிடையாது. பார்புங்கில் வாக்கு வைத்திருப்பவருக்குத் தன் வீட்டுக்குப் போகிற ரோட்டைப் பற்றிக் கவலை. என்னையும் 2015இல் அப்படித்தான் கேட்டார்கள். 'நீ கோவாவில் ஆடினாய், சரி. எங்கள் சந்தில் லைட் எரியாதபோது நீ எங்கே இருந்தாய்?' என்று ஒரு பாட்டி கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அவள் எனக்கு வாக்குப் போடாமல் இருந்தது சரிதான்" என்றான்.

அதைக் கேட்ட பிறகு எனக்குள் ஒன்று புரள ஆரம்பித்தது. நான் பூட்டியாவின் தோல்விகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அவன் அந்தப் பாட்டியின் கேள்வியைப் பத்து வருடமாக மனதில் வைத்து, அதற்குப் பதில் தேடிக்கொண்டிருந்தான்.

இங்கே என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். இதுவரை இதை வீட்டில்கூட விரிவாகச் சொன்னதில்லை. 1988இல் எனக்கு இருபத்துமூன்று வயது. கொல்கத்தாவின் பெரிய கிளப் ஒன்றிலிருந்து ஆள் வந்தார். என் ஆட்டத்தை மூன்று நாள் பார்த்துவிட்டு, வா என்று கூப்பிட்டார். நான் அப்போது ஆடிய அணி விடுவிப்புக் கடிதம் தர வேண்டும். அது இல்லாமல் வேறு ஊரில் கால் வைக்க முடியாது. கடிதம் கேட்டு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு ஐந்து வாரம் நடந்தேன். கடைசியில் ஒரு அதிகாரி, என் முகத்தைப் பார்க்காமலே, "அடுத்த சீசன் பார்க்கலாம்" என்றார். பதிவு செய்கிற கடைசி நாள் அந்த வாரமே முடிந்தது. அடுத்த சீசனில் என்னைக் கூப்பிட ஆள் வரவில்லை. அந்த அதிகாரி வாழ்நாளில் ஒரு தடவைகூடப் பந்தைக் காலால் தொட்டவர் இல்லை. ஒரு ஆட்டக்காரனுக்கு ஒரு சீசன் என்றால் என்ன என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தும் அப்படிச் செய்தார் என்று நான் நினைக்கவில்லை. தெரியவே இல்லை.

பெலே 1995இல் பிரேசிலின் விளையாட்டு அமைச்சரானார். அந்த நாட்டில் கறுப்பினத்தவர் ஒருவர் அமைச்சர் நாற்காலியில் உட்காருவதே பெரிய விஷயமாக இருந்த காலம். அங்கே ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆட்டக்காரனைக் கிளப் தன் கைப்பிடியிலேயே வைத்திருக்கும் முறை இருந்தது. அதற்குப் பெயர் 'பாஸே'. கிளப் விட்டால்தான் அவன் வேறிடம் போகலாம். பெலே அதை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தார். 1998 மார்ச்சில் அது நிறைவேறியது. இன்றும் அதை 'பெலே சட்டம்' என்றுதான் சொல்கிறார்கள். கிளப் முதலாளிகள் எவ்வளவு கூச்சல் போட்டார்கள் என்பதை அப்போது ஆங்கிலப் பத்திரிகையில் படித்தேன். படித்துவிட்டு கௌதமபுரா பக்கம் நடந்து போய், அந்தச் சந்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். ஆயிரம் கோலுக்கு மேல் அடித்தவர் என்பதற்காக அவரைக் கும்பிடுகிற ஊர் இது. எனக்கு அவர் அந்தச் சட்டத்துக்காகவும் பெரியவர். என் ஐந்து வாரமும் அந்தக் கடிதமும் அவருக்குப் புரிந்திருக்கும். ஏனென்றால் அவர் சட்டைக்கு உள்ளே இருந்து பார்த்தவர்.

இதை எல்லாம் தெரிந்து வைத்திருந்த நான்தான் 2015இல் அவனிடம் "நமக்கு ஆட்டம் மட்டும் போதும்" என்றேன்.

இந்தப் பத்து வருடத்தில் அவன் செய்ததை வரிசைப்படுத்திச் சொல்லத் தொடங்கினால் அவனே கோபித்துக்கொள்வான். ஒன்றை மட்டும் சொல்கிறேன். 2019இல் எங்கள் மைதானத்தின் கிழக்குப் பாதியில் ஒரு காலை கம்பி நட்டிருந்தார்கள். வாகனம் நிறுத்துவதற்கு அடுக்கு மாடி என்றார்கள். கோல்போஸ்ட்டுக்குப் பின்னால் பதினைந்து அடியில் அஸ்திவாரக் குழிக்குக் கோடு. நாங்கள் போட்ட சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே அவர்கள் சிவப்பு மாவில் இன்னொரு கோடு போட்டிருந்தார்கள். நான் கத்தினேன். வயதானவர்கள் எல்லோரும் கத்தினோம். அவன் கத்தவில்லை. கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போனான். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு அந்த நிலத்தின் காகிதங்களை வாங்கினான். மாஸ்டர் பிளானில் அந்த இடம் திறந்தவெளி என்று இருப்பதைக் கண்டுபிடித்தான். கர்நாடகத்தில் பூங்கா, விளையாட்டுத் திடல், திறந்தவெளிகளைக் காப்பதற்கென்றே 1985இல் ஒரு சட்டம் இருக்கிறது. நாற்பது வருடமாகத் திடலிலேயே கிடந்த எனக்கு அது தெரியாது. அவன் அந்தச் சட்டத்தின் கன்னட நகலை எடுத்துக்கொண்டு, வார்டு கமிட்டிக் கூட்டத்துக்குப் போய், எந்த இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டினான். அந்த வளைந்த விரல்தான். எட்டு மாதம் ஆனது. ஒரு மழைநாளில் கம்பிகளைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். குழி தோண்டிய இடத்தில் புல் சரியாக வரவில்லை, இப்போதும் கார்னர் எடுக்கிற பிள்ளைகள் அங்கே வழுக்குகிறார்கள்.

அவன் கன்னடம் பிசிறில்லாமல் பேசுவான், எழுதுவான். கோல்கீப்பர் பின்னால் நின்று பத்துப் பேரையும் கூப்பிட்டாக வேண்டும். எங்கள் அணியில் தமிழ், கன்னடம், உருது, மலையாளம் எல்லாம் உண்டு. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம் வந்தபோது நாங்கள் வீட்டுக்குள் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். அப்போது எங்கள் அணியின் நடுவில் ஆடிய கன்னடக்காரத் தோழர், மூன்று இரவு எங்கள் சந்தின் முனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவரைத் தாண்டி உள்ளே வர எவருக்கும் துணிச்சல் வரவில்லை. அவர் எங்களுக்குச் செய்ததை நாங்கள் ஆட்டத்தில் கற்றுக்கொண்ட ஒன்றாகத்தான் நினைத்துக்கொண்டோம். பக்கத்து ஆளை விட்டு ஓடினால் ஓட்டை விழும். "அரசியலில் தமிழன் நிற்கிறான் என்று சொல்லி ஒரு வாக்குக்கூடக் கேட்க மாட்டேன்" என்கிறான் அவன். எனக்கு அதில் முழுச் சம்மதம்.

2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட்டை நூறு கிராம் எடை கூடுதல் என்று இறுதிப் போட்டிக்கு முன் வெளியேற்றினார்களே, அன்று நாங்கள் இருவரும் டீக்கடையில் ஒரே கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இருவரும் பங்கிட்டுக்கொண்ட பை டூ காபி ஆறிப்போய் ஏடு படிந்தது. அக்டோபரில் ஹரியானாவின் ஜுலானாவில் அவர் 6,015 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். நான், அனுதாபம்தான் ஜெயித்தது என்றேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. "2023இல் டெல்லி ஜந்தர் மந்தர் நடைபாதையில் போராட்டத்தில் ஒரு மாதத்துக்கு மேல் படுத்திருந்தார், அண்ணா. மே 28 அன்று போலீஸ் இழுத்துக்கொண்டு போனபோது கூடவே இழுபட்டார். வேட்புமனு போடுவதற்கு ஒரு வருடம் முன்னாலேயே அவர் தேர்தலில் நின்றுவிட்டார்" என்றான்.

ஜார்ஜ் வியாவைப் பற்றியும் அவன்தான் அடிக்கடி பேசுவான். லைபீரியாக்காரர், 1995இல் உலகின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர். உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில் தேசிய அணியின் ஜெர்சிக்கும் விமான டிக்கெட்டுக்கும் தன் பணத்தைக் கொடுத்தவர். 2005இல் அதிபர் தேர்தலில் எல்லன் ஜான்சன் சர்லீஃபிடம் தோற்றார். படிக்காதவன் என்று எதிரணியினர் பேசியதைக் கேட்டுவிட்டு, நாற்பது வயதுக்கு மேல் கல்லூரிக்குப் போய்ப் பட்டம் வாங்கினார். 2011இல் துணை அதிபருக்கு நின்று மறுபடி தோல்வி. 2014இல் செனட்டர். 2018 ஜனவரியில் அதிபர் நாற்காலி. அவர் ஆட்சி எனக்குத் திருப்தியாக இல்லை. ஊழல் புகார்களும் விலைவாசியும் லைபீரிய மக்களை வாட்டின என்பதைப் படித்திருக்கிறேன், அதை மறைத்துவிட்டு அவரைப் புகழ எனக்கு மனம் வராது. ஆனால் 2023 நவம்பரில் ஜோசப் போகாயிடம் மயிரிழையில் பின்தங்கியபோது, எண்ணிக்கை முழுவதும் முடியும் முன்பே தொலைபேசியில் கூப்பிட்டு வாழ்த்துச் சொல்லி ஒதுங்கினார். பல வருடம் உள்நாட்டுப் போரில் துப்பாக்கியே பேசிய நாடு அது. நான் அந்தச் செய்தியைப் படித்தபோது, ரெஃப்ரி கடைசி விசில் ஊதியதும் எதிரணிக் கேப்டனைத் தேடிப் போய்க் கைகொடுக்கிற ஒரு ஆளைத்தான் பார்த்தேன்.

இவர்கள் எல்லோரும் பெரிய ஆட்கள். எங்கள் பையன் நிற்கப்போவது ஒரு வார்டுக்கு. அதற்கும் தேர்தல் எப்போது என்று தெரியவில்லை. பெங்களூரு மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அன்றிலிருந்து இந்த நகரத்துக்குக் கவுன்சிலரே இல்லை. தெருவிளக்கு எரியவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது? எத்தனை பேர் என்னைக் கேட்டிருப்பார்கள்! 2025 செப்டம்பரில் ஒரே மாநகராட்சியை ஐந்தாகப் பிரித்தார்கள். வார்டு எல்லைகளைப் புதிதாக வரைந்தார்கள். ஐந்து வருடத்துக்கு மேல் ஒரு கோடிக்கும் அதிகமான மக்களுக்குத் தெருவளவில் ஒரு பிரதிநிதிகூட இல்லாமல் அதிகாரிகளை வைத்தே ஓட்டிவிட்டார்கள் என்பது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது. ஆட்டத்தை நிறுத்திவைத்துவிட்டு மைதானத்தை மட்டும் பராமரிப்பதாகச் சொல்வதுபோல இருக்கிறது.

அதோடு இடஒதுக்கீட்டுச் சுழற்சி. பாதி வார்டுகள் பெண்களுக்கு. எங்கள் வார்டு மகளிர் வார்டாகிவிட்டால் அவன் நிற்க முடியாது. "பத்து வருட உழைப்பு என்னடா ஆவது?" என்றேன். வழக்கமாக எல்லோரும் செய்வதுபோல, மனைவியின் பெயரில் நின்று பின்னாலிருந்து தான் நடத்தலாமே என்று ஒரு நண்பரும் அவனிடம் சொல்லியிருக்கிறார். அவன் சொன்ன பதிலை நான் குறித்து வைத்திருக்கிறேன்: "என் மனைவிக்கு விருப்பம் இருந்தால் அவள் நிற்கட்டும். ஆனால் அப்போது அவள்தான் கவுன்சிலர், நான் நோட்டீஸ் ஒட்டுகிறவன். அவளுக்கு விருப்பம் இல்லையென்றால், இந்தத் திடலைக் காப்பேன் என்று எழுதிக் கொடுக்கிற எந்தப் பெண்ணுக்கும் நான் ஒட்டுவேன்."

அவன் முழங்கால் இன்னும் மாடிப்படி ஏறும்போது சத்தம் போடும். எங்கள் பகுதியில் நான்கு மாடி, லிஃப்ட் இல்லாத வீடுகள்தான் அதிகம். 2015இல் ஒவ்வொரு படியாக ஏறிப்போய்க் கேட்டானே, அப்போதும் அந்தக் கால்தான். அதை நினைக்கும்போதெல்லாம் நான் மாடியிலிருந்து இறங்காமல் நின்ற அந்தச் சாயங்காலம் எனக்குத் தாங்க முடியாமல் வருகிறது. எனக்கு அன்று ஒரே ஒரு மாடி. இறங்குகிற வேலைதான்.

"கையுறை இல்லாததைப் போடு" என்றேன்.

அவன் படத்தைத் திரும்ப வாங்கிப் பார்த்தான். "ஆட்டக்காரன் என்று தெரிய வேண்டாமா?"

"கையைப் பெரிதாக்கிப் போடு. விரல் தெரியட்டும். தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்கள் கேட்பார்கள். கேட்டால் நான் சொல்கிறேன்."

"நீங்களா?"

"நான் வருகிறேன்" என்றேன். அவன் ஒன்றும் சொல்லாமல் சுண்ணாம்பு வாளியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கத்து கோலுக்கு நடந்துவிட்டான். அங்கே பாக்ஸுக்கு இன்னும் கோடு போடவில்லை.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு முதல் தெருவிலிருந்து தொடங்குகிறோம். இது வாக்குக் கேட்கிற பயணம் இல்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் விட்டுப்போனவர்கள், வாடகை வீடு மாறியதால் பழைய முகவரியிலேயே நிற்பவர்கள், பதினெட்டு வயது நிரம்பியும் சேராத பிள்ளைகள் என்று வீடுவீடாகப் பார்த்து விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறோம். என்னோடு ஆடிய மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறேன். 1991இல் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர் இப்போது எழுபதைத் தொடுகிறார். நடக்கச் சிரமப்படுவார், ஆகையால் சந்தின் முனையிலேயே அவருக்கு ஒரு நாற்காலி போட்டு, விண்ணப்பத் தாள்களை அவரிடம் கொடுத்துவிடுவதாக ஏற்பாடு. நான் பேனாவும் பையும் எடுத்துக்கொண்டு நாலரைக்கே போய்விடுவேன். மாடி வீடுகளை நான் ஏறுகிறேன் என்று அவனிடம் சொல்லிவிட்டேன்.